மகள் எடுத்த மைனர் பாடம்

சில மாதங்களுக்கு முன், நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். "பி.காம். படிக்கிறாள். கூடவே நூலக, தகவல் அறிவியலை மைனராக எடுத்திருக்கிறாள்" என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "புத்தகம் அடுக்கி வைப்பதற்கா காலேஜில் பாடம்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். ஆனால் நின்றபடி இரண்டு வார்த்தையில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நம்மில் பல வீடுகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்ல. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மசாலாச் சரக்கு கோடவுனில் கணக்கு எழுதுகிறவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைனர் என்றால் என்ன?

கேரளத்தில் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. அந்த முதல் அணியில் என் மகளும் ஒருத்தி. இதில் முதன்மைப் பாடத்துக்கு மேஜர் என்று பெயர். துணையாக எடுக்கும் பாடத்துக்கு மைனர். மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம் பெற்று வெளியே வரலாம். நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் மைனர் பாடத்துக்கு மூன்றாண்டுப் படிப்பில் 24 கிரெடிட், நான்காண்டுப் படிப்பில் 32 கிரெடிட் என்று வகுத்திருக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் இதைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ அமைத்துக்கொள்கின்றன.

வீட்டில் இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் அம்மா குறுக்கிட்டார். "மைனரா? ஊர்ல ஒரு மைனர் பண்ணின கூத்தே போதும். நம்ம வீட்டுக்கு எந்த மைனரும் வேண்டாம்!" எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளூரக் கவலைதான். "கம்ப்யூட்டர் எடும்மா. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்" என்றேன்.

"கம்ப்யூட்டர் தகவலைப் போட்டு வைக்கிற பெட்டிப்பா. எதை, எந்தப் பேரில், எங்கே வைத்தால் நாளைக்கு இன்னொருத்தர் வந்து எடுக்க முடியும் என்பதுதான் இந்தப் பாடம்" என்றாள்.

அப்போது அது எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தது புத்தகம் அல்ல, என் அப்பாவின் தொழில்.

அப்பாவின் குறி

ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் டோபிகானாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்றைய துவைக்கும் அறைகள் 1976இல் கட்டப்பட்டவை. ஆனால் நம் வண்ணார் குடும்பங்கள் இங்கு வந்தது அதற்கு வெகு காலம் முன்பு. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துக்காரர்களின் உடுப்பு வெளுக்க அழைத்து வந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அப்பா அங்கே கல்லில் நின்றவர். க்ளிப் இல்லாமல் முறுக்குக் கயிற்றின் இடையில் துணியைச் செருகிக் காயப்போடுவதும், கஞ்சி போடுவதும், சிரட்டைக் கரிப் பெட்டியில் தேய்ப்பதும் பார்த்து வளர்ந்தவன் நான்.

அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நாற்பது ஐம்பது வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்து கிடந்தாலும் ஒரு கைக்குட்டைகூட மாறிப் போகாது. சேங்கொட்டையின் சாற்றை ஊசி முனையில் தொட்டு, சட்டைக் காலரின் உள்பக்கத்திலும் வேட்டியின் ஓரத்திலும் குறி போடுவார். அதன் மேல் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் கறுத்து நிற்கும். எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்குக் கோடும் புள்ளியும், இன்னொரு வீட்டுக்குக் கூட்டல் குறி. பிற்காலத்தில் மார்க்கர் பேனா வந்தபோதும் குறிகள் மாறவில்லை.

மகளின் முதல் செமஸ்டரில், நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏன் ஒரு தனி எண் என்று பாடம் நடந்திருக்கிறது. ஒரே தலைப்பில் பத்துப் புத்தகம் இருக்கலாம். ஒரே பெயரில் பத்து ஆசிரியர்கள் இருக்கலாம். அதனால் பெயரை நம்பக் கூடாது. மாறாத ஓர் அடையாளம் வேண்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "ஆச்சி, தாத்தா போட்ட குறியும் இதுதானே?" என்று கேட்டாள். என் அம்மாவுக்கு அந்தப் படிப்பின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் இதில் ஒரு வருத்தமும் உண்டு. அப்பா திடீரென்று காலமானபோது வீட்டில் பதினோரு மூட்டைத் துணி இருந்தது. எட்டு மூட்டைகளின் குறியை அம்மா அடையாளம் சொல்லி, உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று மூட்டை யாருடையது என்று தெரியவில்லை. எந்தக் குறி எந்த வீடு என்ற கணக்கு அப்பாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. இரண்டு பேர் தேடி வந்தார்கள். மூன்றாவது மூட்டைக்கு ஒருவரும் வரவில்லை. அதிலிருந்த வேட்டிகளும் ஒரு ஜிப்பாவும் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன.

"குறி போட்டால் மட்டும் போதாதுப்பா. எந்தக் குறி யாருடையது என்று ஒரு பட்டியலும் வேண்டும். அதைத்தான் நாங்கள் கேட்டலாக் என்கிறோம்" என்றாள் மகள்.

சீர்காழிக்காரர் தொடங்கிவைத்தது

நம் தேசத்தில் இந்தத் துறைக்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் ஒரு தமிழர் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. எஸ். ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாளிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினாராம். முதலில் லண்டன் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வா, பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர் மனம் மாறித் திரும்பினார்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்திருக்கிறார். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். அறிவையும் இப்படிச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

அந்த முறையில் ஒரு விஷயத்தை ஐந்து கோணத்தில் பார்க்கிறார்கள். முக்கியப் பொருள், அது எதனால் ஆனது, அதன் மேல் நடக்கும் செயல், இடம், காலம். மகள் இதை என் அம்மாவுக்குச் சலவை மூட்டையை வைத்தே விளக்கினாள். என்ன உருப்படி, வேட்டியா சட்டையா? பருத்தியா, பட்டா? வெளுக்கவா, கஞ்சி போடவா, தேய்க்க மட்டுமா? எந்தத் தெருவுக்குப் போக வேண்டும்? என்றைக்குக் கொடுக்க வேண்டும்? "இதுல என்ன புதுசு? இது தெரியாம ஒருத்தன் துணி எடுக்க முடியுமா?" என்றார் அம்மா. அவர் சொன்னதும் சரிதான்.

ரங்கநாதன் புத்தகங்களை மட்டும் பார்த்தவர் அல்ல. 1928இல் சென்னையில் நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். அடுத்த ஆண்டே பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. அவருடைய முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. கேரளத்துக்கும் இப்படி ஒரு முன்னோடி உண்டு. பி. என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் தேதியைத்தான் இங்குள்ள பள்ளிகளில் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரே ஆள், பல பெயர்

இனி நம் எல்லோருக்கும் தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறுமுகம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுதும் குமாஸ்தா, இங்குள்ள வழக்கப்படி ஆறுமுகன் என்று எழுதிவிடுவார். வேலாயுதம் வேலாயுதன் ஆவார். இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் 'க'வுக்கு ஓர் எழுத்துப் போடுவார், இன்னொருவர் வேறு எழுத்துப் போடுவார். இனிஷியலை விரித்து எழுதும்போது சில இடத்தில் அப்பா பெயர் முன்னால் நிற்கும், சில இடத்தில் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, வெளிநாட்டில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித் தங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று நம் பிள்ளைகள் அலுத்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இருந்தால் இது சின்னச் சங்கடம். ஊர் விட்டு வந்த நமக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

நூலகத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரே ஆசிரியர் ஒரு புத்தகத்தில் புனைபெயரிலும் இன்னொன்றில் இனிஷியலோடும் இருப்பார். அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயரை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றப் பெயர்கள் எல்லாவற்றையும் அதன் கீழே எழுதி, ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்றும் குறித்துவைப்பார்கள். எந்தப் பெயரையும் தப்பு என்று அடித்துவிட மாட்டார்கள்.

என் தம்பி மகனுக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. எங்கள் குடும்பம் 1950க்கு முன்பே இங்கே குடியிருந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். நம் சங்கத்தில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு காரியத்துக்காக நானும் இதே ஆதாரத்தைத் தேடி, மூன்று வாரம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன்.

சாலைக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு

"நீங்கள் எங்கேப்பா தேடினீர்கள்?" என்று மகள் கேட்டாள். பழைய கொச்சி ராஜ்ஜியத்துக் காகிதங்களில் தேடினேன் என்றேன். "அங்கே எப்படிக் கிடைக்கும்?" என்றாள்.

இதைப் பலர் மறந்துவிட்டோம். மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ராஜ்ஜியம். பக்கத்திலேயே இருக்கும் ஃபோர்ட் கொச்சி அப்படி அல்ல. 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு அது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. 1956இல் கேரளம் உருவானபோதுதான் அந்த நிலை முடிந்தது. ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒரே மாநகராட்சி ஆனது 1967 நவம்பர் 1 அன்று. என் தாத்தா குடியிருந்தது வேளிப் பக்கம். அவருடைய காகிதம் கொச்சி ராஜ்ஜியத்துக் கட்டில் எப்படி இருக்கும்?

ஆவணக் காப்பகங்களில் ஒரு விதி உண்டாம். காகிதம் எதைப் பற்றியது என்று பார்த்துக் கலைக்க மாட்டார்கள். எந்த அலுவலகம் அதை உண்டாக்கியதோ அந்த வரிசையிலேயே வைப்பார்கள். அதனால் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் காலத்தில் அந்த இடம் யார் ஆட்சியில் இருந்தது என்பதுதான். கேரள அரசின் ஆவணக் காப்பகத்துக்குத் திருவனந்தபுரம் தவிர எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் கிளைகள் உண்டு. கொச்சி ராஜ்ஜியத்துக் காகிதத்துக்கு எர்ணாகுளம், மலபார் காகிதத்துக்குக் கோழிக்கோடு. கொச்சியில் டச்சுக்காரர் எழுதிவைத்த ஆவணங்களோ சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1579இல் தமிழ்ப் புத்தகம் ஒன்று நம் கொச்சியிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் பிரதி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காகிதம் ஊர் விட்டு ஊர் போகும். போன இடத்தில் ஒருவர் பட்டியல் எழுதிவைத்திருந்தால்தான் திரும்பக் கண்ணில் படும்.

எங்களுக்குத் தேவையான காகிதம் கடைசியில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. செமஸ்டர் விடுமுறையில், வகுப்பில் கற்ற முறைப்படி, பெட்டியிலிருந்த ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதினாள். புரியாத தாளையும் தள்ளிவைக்கவில்லை; அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதிக்கொண்டாள். அதில் 57ஆவது தாள், 1948ஆம் வருஷத்து ஃபோர்ட் கொச்சி முனிசிபாலிட்டி ரசீது. நான் முன்பு தேடியபோது அதே தாளைக் கையில் எடுத்து, பெயர் வேறாக இருக்கிறதே என்று திரும்ப உள்ளே போட்டவன். அவள் பெயரைப் பார்க்கவில்லை. வீட்டு எண்ணைப் பார்த்தாள். அதே எண் பிற்காலத்து ரேஷன் கார்டிலும் இருந்தது. ரேஷன் கார்டில் தாத்தாவின் பெயர் சரியாக இருந்தது.

தாத்தாவின் பெயர் மூன்று விதமாக எந்தெந்தத் தாளில் வருகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, நகல்களை இணைத்து விண்ணப்பத்தோடு கொடுத்தோம். வாங்கிய அதிகாரி ஐந்து நிமிஷம் படித்துப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. வரும் என்று உறுதியாகச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் இந்த முறை "காகிதம் எங்கே?" என்ற கேள்விக்கு நாங்கள் தலைகுனிந்து நிற்கவில்லை.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. மறைக்காமல் சொல்கிறேன். இதை மைனராகப் படித்தால் மட்டும் நூலகர் வேலை கிடைத்துவிடாது. அதற்குப் பட்டத்துக்குப் பிறகு பி.எல்.ஐ.எஸ்ஸி., எம்.எல்.ஐ.எஸ்ஸி. படிக்க வேண்டும். கல்லூரி நூலகர் ஆக வேண்டுமானால் முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும், நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் வெற்றியும் வேண்டும். அந்தப் பாதையில் போகலாமா என்று பிள்ளை தானே சோதித்துப் பார்க்க மைனர் ஒரு நல்ல வாய்ப்பு.

அந்தப் பாதையில் போகாவிட்டாலும் இது வீண் அல்ல. கணக்குப் படிக்கும் பிள்ளை அலுவலகக் கோப்பை ஒழுங்காக வைக்கக் கற்றுக்கொள்கிறது. சரித்திரம் படிக்கும் பிள்ளை ஆவணத்தைத் தேடக் கற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் இன்னொரு லாபமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நான் உடனே நாலு பேருக்கு அனுப்பிவிடுவேன். இப்போது மகள், "யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, அசல் எங்கே இருக்கிறது?" என்று மூன்று கேள்வி கேட்கிறாள். பாதிச் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது.

எல்லாக் கல்லூரியிலும் இந்த மைனர் கிடையாது. சேருவதற்கு முன்பே கல்லூரியில் நேரில் போய்க் கேளுங்கள். பாடம் நடத்த அத்துறை ஆசிரியர் இருக்கிறாரா, நூலகத்தில் செய்முறைப் பயிற்சி உண்டா, இந்த மைனரோடு மேற்படிப்பில் சேர என்ன விதி என்று மூன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்

நம் சங்க அறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. பழைய மினிட்ஸ் புத்தகங்கள், விழா நோட்டீஸ்கள், குரூப் போட்டோக்கள் எல்லாம் அதில் அடைந்து கிடக்கின்றன. போட்டோவில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். என் மகளும் அவள் தோழிகள் இருவரும் ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை வந்து பட்டியல் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். நிர்வாகக் குழுவும் சாவி கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு வாரமும் கூட உட்கார வேண்டும். பிள்ளைகளில் பலருக்கு நம் பழைய கையெழுத்து வாசிக்க வரவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய ரசீதோ ரேஷன் கார்டோ கடிதமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெயர் மாறியிருக்கிறதே என்று ஒதுக்கியும் விடாதீர்கள்.

என் அம்மா இப்போது தினமும் சாயங்காலம் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா போட்ட குறிகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்கிறார். இதுவரை 41 குறி நோட்டில் ஏறியிருக்கிறது. கோடு ஒன்று, அதன் கீழே மூன்று புள்ளி: இந்தக் குறி போட்ட வேட்டிகளும் ஜிப்பாவும் யார் வீட்டுடையவை என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். துவைத்துத் தேய்த்துத் தயாராக வைத்திருக்கிறோம்.